பகலெல்லாம் படுக்கையிலேயே போகிறதா?

வாரம் முழுக்க டார்கெட், மீட்டிங், இரவு பதினோரு மணிக்கும் மேனேஜரின் மெசேஜ். ஞாயிறு வந்தால் மொபைலோடு மாலைவரை படுக்கையிலேயே கிடக்கிறீர்கள். வீட்டில் சோம்பேறி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. களைத்த உடம்புக்கு ஒருநாள் படுக்கை தவறே இல்லை. எழும்போது தெம்பு வந்திருக்கிறதா, திங்கட்கிழமையை நினைத்துப் பயம் கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பயம் கூடியிருந்தால் வழியை மாற்ற வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேரத்தான் தூக்கம் வரும். பகலில் நெடுநேரம் தூங்கினால் அந்த அடினோசின் குறைந்துவிடும். இரவு 2 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பீர்கள். படுக்கை தூக்கத்துக்கு மட்டும், தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும் என்ற முறையை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-லேயே முன்வைத்தார். தூக்கமின்மைக்கு இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே லேப்டாப்பும் கட்டிலுக்கு வரக்கூடாது.

மனசு சரியானதும் எழலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் எழுந்து குளியுங்கள், மொட்டைமாடி வெயிலில் பத்து நிமிடம் நில்லுங்கள். உற்சாகம் பிறகுதான் வரும். மதியம் கண்ணயர வேண்டுமா? 3 மணிக்குள், அலாரம் வைத்து 20 நிமிடம். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அவர்களுக்குப் பகல்தான் இரவு, தயவுசெய்து அவர்களை எழுப்பாதீர்கள்.

அடுத்து, உங்களைப் படுக்கைக்கு விரட்டுவது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பல நேரம் அது பதில் போடாத ஒரே ஒரு மெயிலாக இருக்கும். இப்படி வேலையால் களைத்துப்போகும் 'பர்ன் அவுட்' என்பது சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. அலுவலகத்தில் மாற வேண்டியதைத் தூங்கிச் சரிசெய்ய முடியாது. வேலை குவிந்திருந்தால், "இந்த மூன்றில் எது முதலில் வேண்டும்? மற்ற இரண்டுக்கும் தேதி தள்ளிக் கொடுங்கள்" என்று மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, எவ்வளவு தூங்கினாலும் அசதி என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடோ ரத்தசோகையோகூட இப்படிப் படுக்கவைக்கும். மனநல ஆலோசனைக்கு இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே அழையுங்கள்.