மொம்பாஸா பள்ளியின் வாசற்பாய்

ஆடி மழையில் சேரம்பாடி தேயிலைக் காட்டிலிருந்து நேரே மஃரிபுக்கு வந்த பெரியவர் ஒருவர், பாய் அழுக்காகுமே என்று வெளித் திண்ணையிலேயே தனித்துத் தொழுததை நாம் கண்டோம். ஹவுள் உள்ளே, பாயைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். ஜமாஅத்தின் நன்மை சேற்றோடு போயிற்று!

இப்னு பதூதா 1331இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மொம்பாஸா தீவில் ஓரிரவு தங்கினார். பல நாட்டுக் கப்பல்கள் கண்ட துறைமுகம் அது. மக்கள், மலபாரிலிருந்து வந்து இங்கு வாழும் நம்மவரைப் போலவே, ஷாபிஈ மத்ஹபினர்; எல்லோரும் வெறுங்காலில் நடப்பவர்கள். பள்ளிகள் மரத்தால் உறுதியாகக் கட்டப்பட்டவை. அவர் உற்று நோக்கியதோ வாசலை! ஒவ்வொரு வாசலிலும் ஓரிரு முழ ஆழத்தில் ஒன்றிரண்டு கிணறுகள். மொள்ள, முழ நீளக் குச்சியில் பொருத்திய மரப்பாத்திரம். சுற்றிலும் சமதரை. நுழைபவர் கால் கழுவி, வாசலில் கிடக்கும் தடித்த பாயில் தேய்த்துவிட்டு உள்ளே செல்வார்.

அசுத்தம் கலந்தது உறுதியாகத் தெரிந்தாலன்றி வீதிச் சேறு நஜீஸ் அல்ல என்பதே ஷாபிஈ சட்டம். ஆகவே அந்தப் பெரியவரைத் தடுத்தது மார்க்கமன்று, கூச்சம்தான். படியருகே ஒரு தொட்டி, ஒரு குவளை, கால் துடைக்கப் பழைய சாக்கு ஒன்று. இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்குள் வைத்துவிடலாமே?