தராசும் மனநிறைவும்

உடற்பருமன் மிக்கோர்க்குச் செய்யப்படும் இரைப்பைச் சத்திரசிகிச்சையின் பயனை எதனைக் கொண்டு அளத்தல் தகும்? தராசு காட்டும் எடையைக் கொண்டா, நோயாளியின் வாய்மொழியைக் கொண்டா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1966ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள அயோவாப் பல்கலைக்கழகத்தில், எட்வேட் மேசன், சிக்காசி இட்டோ என்னும் வைத்தியர் இருவர், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைக்கும் முறையைத் தொடங்கினர். பட்டியால் இரைப்பையை இறுக்குதல் முதலிய பிற முறைகளும் பின்னர்த் தோன்றின. இத்தகைய சிகிச்சைகளின் நெடுங்காலப் பயனை அறிதற்குச் சுவீடன் நாட்டில் 1987இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. அதிற் சத்திரசிகிச்சை பெற்றோர் 2,010 பேர்; அஃதின்றி வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர் 2,037 பேர்.

ஆய்வாளர் எடையை நிறுத்தலோடு அமைந்திலர். உடை வாங்கும்போதும், பொதுவிடத்தில் நீராடும்போதும், விருந்துக்குச் செல்லும்போதும் உடற்பருமனால் மனம் வருந்துவதுண்டோ என வினவினர். மனச்சோர்வையும் மனக்கலக்கத்தையும் கேட்டறிந்தனர்.

2007இல் வெளிவந்த பத்தாண்டு முடிவு நோக்கத்தக்கது. முதலாண்டில் எடை விரைந்து குறைந்தது. வாழ்க்கை நலமும் உச்சியை அடைந்தது. அதன்பின் ஆறாம் ஆண்டுவரை இழந்த எடையில் ஒரு பகுதி மீண்டது. நலமும் உடன் தாழ்ந்தது. பின்னர் இரண்டும் பெரிதும் நிலைபெற்றன. பத்தாண்டிறுதியில், தம் உடல்நலம் பற்றிய எண்ணத்திலும், பிறரோடு பழகுதலிலும், மனச்சோர்வு தணிதலிலும் சத்திரசிகிச்சை பெற்றோரே மேம்பட்டிருந்தனர். ஆயினும் மனக்கலக்கத்திலும் பொதுவான மனநிலையிலும் இருசாரார்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. எடையில் நூற்றுக்கு ஏறக்குறையப் பத்துப் பங்கு குறைந்து அக்குறைவு நிலைத்தாலே நெடுங்கால நன்மைக்குப் போதும் என்பதும் புலனாயிற்று.

இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? முதலாண்டின் மகிழ்ச்சியையே முடிவென்று கருதியவர், பின்னர் எடை சிறிது ஏறுங்கால், தாம் தோற்றுவிட்டதாக எண்ணி வைத்தியரிடம் செல்லவும் நாணுதல் கூடும். அந்நாணம் கேடு விளைப்பது. ஏனெனில், குடலிணைப்புச் செய்துகொண்டோர் விற்றமின் பீ12, இரும்புச்சத்து முதலியன குறையாவண்ணம் வாழ்நாள் முழுதும் கவனிக்கப்படல் வேண்டும். அவர்கட்கு மது விரைந்து வெறியூட்டும் என்பதும் நினைவிருத்தற்குரியது. ஆதலின், எடை ஓரளவு மீளுதல் எதிர்பார்க்கத்தக்கதே என்பதைச் சிகிச்சைக்கு முன்னரே எடுத்துரைத்தல் வைத்தியர் கடனாகும். உடல் மெலிந்தால் உள்ளக் கவலை யாவும் ஒழியும் என்று நம்பச் செய்தலும் முறையன்று.

நாளை வைத்தியராக விளங்கவிருக்கும் நம் மாணவர், நோயாளியின் எடையைக் குறித்த பின், "எப்படி வாழ்கின்றீர்கள்?" என்று கேட்டு, விடைக்குப் பொறுமையோடு காத்திருப்பாராக. பத்தாண்டு கழிந்த பின்னரும் அவ்வினாவைக் கேட்கும் வைத்தியரே சிகிச்சையின் முழுப்பயனை அறிவர்.