வேடந்தாங்கல் ஏரி

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அண்மையில், வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். இவ்வூர் ஏரியும் சிறியதே. அதன் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். இதனினும் பெரிய ஏரிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. ஆயினும், ஆண்டுதோறும் பல்லாயிரம் பறவைகள் இச்சிற்றேரியை நாடியே வருகின்றன.

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பியதும் அதனுள் வளர்ந்திருக்கும் நீர்க்கடம்பு மரங்களின் அடிப்பகுதி நீரில் மூழ்கிவிடும். கூடு கட்டும் பறவைகள் விரும்புவது அந்நிலையைத்தான். மரத்தைச் சுற்றி நிற்கும் நீர் கோட்டை அகழிபோல் அமைந்து, பூனை முதலிய பகை விலங்குகள் கூட்டை அணுகாதவாறு தடுக்கிறது. ஒரே மரத்தில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அடுத்தடுத்துக் கூடு கட்டி வாழ்வதை அங்கே காணலாம்.

காண விழைவோர் நவம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள திங்கள்களில் செல்வது நன்று. நண்பகலில் சென்றவர் பாதிக் காட்சியை இழந்தவராவர். மாலையில், இரை தேடச் சென்ற பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பும் வேளையே சிறந்தது. கரையில் அமைந்த காட்சிக் கோபுரத்தின்மேல் ஓசையின்றி நின்றால் ஒவ்வொன்றன் இயல்பும் புலப்படும். நத்தைகுத்தி நாரையின் அலகை உற்று நோக்குதல் வேண்டும். மூடிய நிலையிலும் அதன் நடுவே ஓர் இடைவெளி தெரியும்; நத்தையைப் பற்றி அதன் சதையை வெளியே எடுப்பதற்கு அவ்வலகு ஏற்றது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இருபுறமும் வீசி இரை தேடும். பாம்புத்தாரா உடலை நீருள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் மேலே நீட்டி நீந்துவதால், முதன்முறை காண்போர் பாம்பென்றே மருள்வர். கடும்வெயிலில் தாய்நாரை சிறகுகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதும் உண்டு.

இப்பறவைகள் யாவும் அயல்நாட்டிலிருந்து வருவன என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. இங்கே கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் இந்நாட்டுப் பறவைகளே. வடநாடுகளின் குளிருக்கு அஞ்சி வரும் வாத்தினங்கள் இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலம் கழிந்ததும் திரும்பிவிடும்.

இவ்வேரி காக்கப்பட்ட வரலாறு கேட்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர் இங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் வாளா இருக்கவில்லை. மாவட்டக் கலெக்டரிடம் முறையிட்டனர். அக்காலக் கலெக்டராகிய லயனல் பிளேஸ், 1798இல், ஏரியில் பறவைகளைக் கொல்லலாகாது எனக் கவுல் என்னும் உரிமைச் சீட்டு வழங்கினார்.

படைக்கலம் ஏந்தியவரை எதிர்த்து முறையிடும் துணிவு உழவருக்கு எங்கிருந்து வந்தது? உயிரிரக்கம் ஒரு காரணமாகலாம். வயலும் ஒரு காரணம். பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலந்து அதனை எருநீர் ஆக்குகிறது. மதகைத் திறந்தால் அந்நீர் வயலுக்குப் பாய்கிறது, பயிர் செழிக்கிறது. பறவையைச் சுடுபவன் தம் விளைச்சலையும் சுடுகிறான் என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர்.

அரசு 1936இல் இதனைப் பறவைகளின் புகலிடமாக ஏற்றது. ஆனால், ஏரியை மட்டும் காத்தால் போதாது. அத்துணைப் பறவைகளுக்கும் வேண்டிய மீனும் நத்தையும் இச்சிறு நீரில் இல்லை. அவை சுற்றியுள்ள ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்றே குஞ்சுகளுக்கு இரை கொணர்கின்றன. ஆகவே, 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையுள்ள நிலமும் புகலிட எல்லையுள் சேர்க்கப்பட்டது. 2020இல் அவ்வெல்லையைச் சுருக்கும் கருத்து எழுந்தபோது, அதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. 2022இல் வேடந்தாங்கல், ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றது.

மழை பொய்க்கும் ஆண்டுகளும் உண்டு. அப்போது ஏரி வறண்டு கிடக்கும். மரங்களைச் சூழ்ந்து காக்க நீர் இராது. கூடு கட்டும் பறவைகள் வேறு நீர்நிலை தேடிச் சென்றுவிடும். அவ்வாண்டு கீழ்வயல்களுக்கு எருநீரும் இல்லை.