பெட்ரோல் உங்கள் வீட்டிலும் இருக்கிறது

நம்பிக்கை: “நாங்கள் வீட்டில் பெட்ரோல் வைப்பதே இல்லை.”

கேனில் இல்லாமல் இருக்கலாம். தில்லியின் ‘பில்டர் ஃப்ளோர்’ எனப்படும் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வசித்தால், படியிறங்கிக் கீழே போய்ப் பாருங்கள். தூண்களுக்கு நடுவே நெருக்கியடித்து ஸ்கூட்டர்கள், பைக்குகள், கார்கள். ஒவ்வொரு டேங்கிலும் சில லிட்டர். அவற்றை ஒட்டிய சுவரில் எல்லா வீட்டு மின் மீட்டர்களும் வரிசையாக. பக்கத்திலேயே மேலே ஏறும் ஒரே படிக்கட்டு.

2019 ஆகஸ்ட் 6 அன்று தில்லி ஜாகிர் நகரில், எல்லோரும் தூங்கும் நேரத்தில், மீட்டர் பெட்டியில் பற்றிய தீ வண்டிகளுக்குத் தாவி ஆறு உயிர்களைப் பறித்தது. 2024 மார்ச் 14 விடியற்காலை கிழக்கு தில்லி சாஸ்திரி நகரில் ஒரு குடியிருப்பின் பார்க்கிங்கில் மூண்ட தீயில் நான்கு பேர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேரைப் பலிகொண்டதும் இதே வழிதான்: கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பிறந்த தீ, நிறுத்தியிருந்த கார்கள், படிக்கட்டு வழியே மேலேறிய புகை. அங்கே தீக்காயத்தைவிட மூச்சுத்திணறல்தான் அதிகம் பேரைக் கொன்றது.

ஆகவே மீட்டர் பலகைக்கும் வண்டிகளுக்கும் இடையே தாராளமாக இடம் விடச் சொல்லிக் குடியிருப்போர் கூட்டத்தில் சண்டையே போடலாம், தப்பில்லை. ஓட்டாமல் நிற்கும் பழைய ஸ்கூட்டரின் டேங்கை மெக்கானிக்கிடம் கொடுத்துக் காலி செய்யுங்கள். ரப்பர் குழாய் இற்றுச் சொட்டுவது அந்த மாதிரி வண்டிகளில்தான்.

நம்பிக்கை: “தில்லிக் குளிரில் பெட்ரோல் எங்கே பற்றும்?”

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். ஜனவரி இரவின் மூன்று, நான்கு டிகிரி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. எரிவது திரவம் அல்ல, ஆவி. அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். சில அடி தள்ளியிருக்கும் நெருப்பையும் தேடிப் போய்ப் பிடிக்கும். பார்க்கிங்கில் அங்கீட்டி (கணப்பு அடுப்பு) மூட்டிக் குளிர்காயும் இரவுக் காவலரை விரட்டாதீர்கள், பாவம். வண்டிகள் இல்லாத திறந்த வெளியில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

நம்பிக்கை: “ஜெனரேட்டருக்கு இரண்டு லிட்டர்தானே, தண்ணீர் பாட்டில் போதும்.”

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். ஆனால் இறுக மூடிய கலத்தில்தான்: கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல்; உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல். சட்டம் அனுமதிக்கிறதே என்று அவ்வளவையும் ஃப்ளாட்டுக்குள் சேர்த்துவிடாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் இருந்தால் குழந்தை தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிடும். ஜெனரேட்டரை அணைத்து, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

டியூப் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதும் வேண்டாம். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் இறங்கினால் போதும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நம்பிக்கை: “காலி கேன் ஆபத்தில்லை.”

உள்ளே ஆவி நிறைந்திருக்கும். நிறைந்த கேனைவிட எளிதில் அதுதான் வெடிக்கும்.

நம்பிக்கை: “தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீர்.”

பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். ஊற்றினால் தீ பரவும். மீட்டர் பக்கம் ஊற்றினால் ஷாக் வேறு. சிறு தீக்கு மணல் அல்லது உலர்பொடி அணைப்பான். பெரிதாகிவிட்டால் 101ஐ அழையுங்கள். படிக்கட்டில் புகை சூழ்ந்திருந்தால் அதற்குள் இறங்கி ஓடாதீர்கள். புகையில்லாமல் மொட்டை மாடிக்குப் போக முடிந்தால் போங்கள்; முடியாவிட்டால், வாசல் கதவை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி திணித்து, பால்கனிக்குப் போங்கள்.

மாடி உரிமை மேல்தளக்காரருக்கு என்று மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைப்பது தில்லி வழக்கம். உரிமை அவருடையதாகவே இருக்கட்டும். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போடச் சொல்லி இந்த வாரமே அவரிடம் பேசுங்கள்.