ஒரு மணியா, எழுபத்தாறு மணியா?

2025 அக்டோபர் மாதம். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளை. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மருந்துப் பொட்டலம் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள்.

"மிஸ், ஆயாவுக்கு மலச்சிக்கல்னு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. இதுலயும் கிளைக்கால்னு போட்டிருக்கு. பேப்பர்ல வந்த விஷம் இதுதானே? ரெண்டு நாளா ஆயாவுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கேன்."

வகுப்பு அமைதியானது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த செய்தி எல்லோர் வீட்டிலும் பேச்சாக இருந்த நேரம். அந்த மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் 48.6 விழுக்காடு இருந்தது. மாணவி கொண்டுவந்த உறையிலோ 'பாலி எத்திலீன் கிளைக்கால் 3350' என்றிருந்தது. பயத்தைப் போக்க "இது வேறு, அது வேறு" என்று சொன்னால் போதாது. ஏன் வேறு என்று காட்ட வேண்டும்.

மறுநாள் மீன்பிடி நரம்பும் பாசிமணிகளும் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மணி கோத்தால் எத்திலீன் கிளைக்கால். இரண்டு கோத்தால் டை எத்திலீன் கிளைக்கால். இரண்டும் நச்சு. ஒவ்வொரு மணியின் நிறையும் 44. சங்கிலியின் இரு முனைகளுக்கும் சேர்த்து 18. அப்படியானால் மூலக்கூறு நிறை 3350 வர எத்தனை மணி? மாணவர்களே கணக்கிட்டார்கள்: 3332-ஐ 44-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 76. ஒற்றைப்படி, பலபடி என்ற பாடத்தை அவர்கள் கைகளே எழுதின.

"நீளமானால் விஷம் ஏன் போகிறது?" என்ற கேள்விக்குக் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வலைக்கண் உதவியது. சின்ன மீன் கண் வழியே நழுவிவிடும். பெரிய மீன் நின்றுவிடும். இரண்டு மணி மூலக்கூறு குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது; உடலில் அது மாறி உருவாகும் பொருள் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. எழுபத்தாறு மணிச் சங்கிலியோ பெரும்பாலும் குடலிலேயே தங்கி, தண்ணீரைப் பிடித்து வைத்து, மலத்தை இளக்கி, தானும் வெளியேறுகிறது. சிறியதெல்லாம் விஷம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. தண்ணீரும் சிறிய மூலக்கூறுதான். இதை மறக்காமல் சொல்லுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில் இதே வலைக்கண்ணை வைத்து ஆய்வகத்துக்குள்ளும் போகலாம். மருந்தாகத் தரும் சில புரதங்களைச் சிறுநீரகம் விரைவில் வடிகட்டி வெளியேற்றிவிடும். அவற்றோடு இந்தச் சங்கிலியை இணைத்தால் உருவம் பெருத்து, இரத்தத்தில் நெடுநேரம் தங்கும். பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளுக்கான நொதி மருந்து ஒன்று இம்முறையில் 1990-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோவிட் காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் நுண்ணிய கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பிலும் இந்தச் சங்கிலி இருந்தது. அரிதாகச் சிலருக்கு இது ஒவ்வாமை தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இச்சங்கிலி தண்ணீரை இழுக்கும் குணமும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. இரண்டு செல்களுக்கு இடையிலுள்ள நீரை இழுத்து, சவ்வுகளை நெருக்கி, செல்களை ஒன்றாக இணைய வைக்கிறது. இப்படி இணைத்த செல்களைக் கொண்டு ஒரே வகை எதிர்ப்பொருளைப் பெருமளவில் உண்டாக்கலாம். இரத்த வகை கண்டறியும் திரவங்கள் பலவும் இம்முறையில் கிடைத்தவையே. வறட்சியைத் தாங்கும் பயிர் ரகங்களைத் தேர்ந்தெடுக்க, பாலி எத்திலீன் கிளைக்கால் 6000 கரைந்த நீரில் விதைகளை முளைக்க வைக்கிறார்கள். நீர் இருந்தும் விதையால் எளிதில் உறிஞ்ச முடியாது. வயலில் மழைக்குறைவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சவ்வூடு பரவல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை அந்த மாணவியை ஆயாவோடு மருந்தாளுநரிடம் அனுப்பினேன். அவரும் உறையைப் படித்து, எந்த அளவில் கரைத்துக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மருந்து பற்றிய முடிவை வகுப்பறையில் எடுப்பது நம் வேலையல்ல.

ஆனால் ஒன்றை வகுப்பில் அழுத்திச் சொன்னேன். அவளுடைய சந்தேகம் வீண் சந்தேகமல்ல. பாலி எத்திலீன் கிளைக்கால் தயாரிக்கும்போது ஒரு மணி, இரண்டு மணி மூலக்கூறுகளும் சிறிதளவு எஞ்சலாம். அதனால்தான் மருந்துத் தரத்தில் அவற்றுக்கு உச்ச வரம்பு வைத்துச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையைத் தவிர்த்த இடங்களில்தான் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே டை எத்திலீன் கிளைக்கால்தான்.

இப்போது என் வகுப்பில் மாதம் ஒருமுறை காலி மருந்து உறைகளைப் படிக்கிறோம்: முழுப்பெயர், தொகுதி எண், காலாவதி நாள், தயாரித்தவர் முகவரி. பாதிப் பெயரைப் படித்துப் பயப்படவும் கூடாது, பாதிப் பெயரைப் படித்து நம்பவும் கூடாது. இதைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் அந்தப் பாடவேளைகள் வீணாகவில்லை.