எத்தனை வட்டி? எந்த வட்டி?



'இன்ட்ரஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஆர்வம், அக்கறை, பங்கு, வட்டி என்று பல பொருள் உண்டு. வங்கியில் அதற்கு வட்டி என்று பொருள். ஆனால் கடன் தாளில் அந்தச் சொல் பெரும்பாலும் தனியாக வராது, முன்னால் இன்னொரு சொல்லையும் கூட்டிக்கொண்டு வரும். நாம் கட்டும் பணம் கூடுவதும் குறைவதும் அந்த முன்சொல்லால்தான். குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது "எத்தனை வட்டி?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எந்த வட்டி?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆகவே இந்த மாதப் பாடத்தில் அந்தச் சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்வோம்.

1. சிம்பிள் இன்ட்ரஸ்ட் - தனிவட்டி
அசலுக்கு மட்டும் போடும் வட்டி. 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 2 ஆண்டுக்கு வட்டி 2,400 ரூபாய்.

2. காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட் - கூட்டு வட்டி
வட்டியை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுவது. அதே தொகைக்கு 2 ஆண்டில் 2,544 ரூபாய் வரும். வைப்புத் தொகையில் இது நமக்கு லாபம். கட்டாமல் விட்ட கடனில் இதுவே பாரம்.

3. ஃபிளாட் இன்ட்ரஸ்ட் - மாறாத வட்டி
அசலை மாதாமாதம் கட்டிக் குறைத்தாலும், முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவது. 10,000 ரூபாயை 10 தவணையில், ரெண்டு வட்டிக்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 200 வீதம் மொத்த வட்டி 2,000 ரூபாய்.

4. டிமினிஷிங் இன்ட்ரஸ்ட் - குறையும் வட்டி
மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி. இதை 'ரெடியூசிங்' என்றும் எழுதுவார்கள். அதே 10,000 ரூபாய், அதே ரெண்டு வட்டி, மாதம் 1,000 அசல் கட்டுகிறோம். முதல் மாத வட்டி 200, அடுத்து 180, அடுத்து 160. கடைசி மாதம் 20 ரூபாய்தான். மொத்தம் 1,100 ரூபாய்.

பார்த்தீர்களா? இரண்டிலும் ரெண்டு வட்டிதான். ஆனால் 900 ரூபாய் வித்தியாசம்! ஃபிளாட்டில் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் கையில் இல்லாத பணத்துக்கு வட்டி கட்டுகிறோம். மீதி அசலை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ரெண்டு வட்டி உண்மையில் மூன்றரை வட்டி அளவுக்கு வந்துவிடும்.

5. பீனல் இன்ட்ரஸ்ட் - அபராத வட்டி
தவணை தவறினால் வழக்கமான வட்டிக்கு மேல் கூட்டிப் போடுவது. 2024 ஏப்ரல் 1 முதல் தரும் புதிய கடன்களில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இப்படி வட்டியை உயர்த்தி அபராதம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நியாயமான அபராதக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அந்தக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது.

6. சேவிங்ஸ் இன்ட்ரஸ்ட் - சேமிப்பு வட்டி
இது நமக்கு வரும் வட்டி. முன்பெல்லாம் மாதம் 10-ம் தேதியிலிருந்து கடைசி தேதி வரை இருந்த குறைந்த இருப்புக்குத்தான் கணக்கிட்டார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி உண்டு. ஆகவே கூட்டத்தில் வசூலான சந்தாவை யார் வீட்டுப் பெட்டியிலும் வைக்காமல் மறுநாளே கட்டினால் குழுவுக்கு நல்லது, பாதுகாப்பும்கூட.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை:
* இது ஃபிளாட்டா, டிமினிஷிங்கா?
* எல்லாத் தவணையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?
* வட்டி போக வேறு கட்டணம், காப்பீட்டுப் பிடித்தம் உண்டா?
* முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா?

2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நுண்கடன் தருபவர்கள் வட்டி, கட்டண விவரங்கள் அடங்கிய தாளை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை, இது நம் உரிமை.

கூட்டத்தில் செய்து பார்க்க:
உங்கள் குழு உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடனுக்கு எந்த வட்டி போடுகிறது? கடன் பதிவேட்டை எடுத்து, ஒருவர் கணக்கை எல்லோருமாகச் சேர்ந்து 3-ம் முறையிலும் 4-ம் முறையிலும் போட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புளியங்கொட்டை வைத்துக் காட்டலாம். ஃபிளாட் முறை என்று தெரிந்தால், மாற்றுவதா வேண்டாமா என்று எல்லோரும் பேசித் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள்.