கம்பம் பன்னீர் திராட்சையும் சிவப்பு ஒயினும்

சீசன் மாதங்களில் குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் எங்க அப்பா தள்ளுவண்டியில் பழம் விற்பார். மங்குஸ்தான், ரம்புட்டானோடு கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சையும் இருக்கும். ராத்திரி மிஞ்சிய கூடையின் அடியில் நசுங்கிய பழம், காலையில் நுரைத்து ஒரு வாடை அடிக்கும். "புளிச்சுப்போச்சுடே, கொட்டு" என்பார். முதல் போட்ட காசு அப்படியே போகும். கெமிக்கல் பிரிவில் நொதித்தல் பாடம் நடந்த அன்றுதான், கொட்டியது என்ன என்று எனக்குப் புரிந்தது. (ஒயினைப் பற்றி எழுதப் போறேன் என்றதும் அம்மா, "படிக்கப் போன இடத்துல சாராயத்தப் பத்தியா எழுதுத?" என்று கேட்டது தனிக்கதை!)

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு, நம் குற்றாலத்தைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் பாயும் பூமி. பன்னீர் திராட்சையின் வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பர். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். வருடம் ஒரே அறுவடை. கம்பத்தில் ஏது பனி? கொடி தூங்குவதே இல்லை. ஆகவே விவசாயி கவாத்து செய்து அதை எழுப்புகிறார். வெட்டிய நாளிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் கவாத்து, பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை என்று ஆண்டு முழுவதும் பந்தலில் பழம் தொங்கும். இது வரம்தான். ஆனால் வரத்து கூடினால் விலை இறங்கும், பழமோ காத்திருக்காது.

இங்கேதான் ஒயின் வருகிறது. திராட்சைத் தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது. பழம் நசுங்கினால் அது சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தரும். நுரைக்குக் காரணம் அந்த வாயுதான். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸுக்கு 92 கிராம் ஆல்கஹால். சாறு பெரும்பாலும் நிறமற்றது. சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால் சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள். காற்றுப் படாமல் காப்பது முக்கியம். காற்றுப் பட்டால் பாக்டீரியா ஆல்கஹாலைப் புளிக்காடி ஆக்கிவிடும். அப்பாவின் கூடையில் நடந்தது இதுவே!

அப்படியானால் கம்பம் ஏன் நாசிக் போல ஒயினுக்குப் பேர் வாங்கவில்லை? 2000-க்குப் பிறகு ஒயின் ஆலை அங்கும் வந்தது. ஆனால் ஒயினுக்குச் சின்னப் பழம், தடித்த தோல் வேண்டும். அப்போதுதான் நிறமும் துவர்ப்பும் ஏறும். பன்னீர் திராட்சை பருத்தது, நிறம் வெளுப்பாக வரும். அதன் சொத்து வாசனை. எனவே பெரும்பகுதி சாப்பிடும் பழமாகவே போகிறது.

இந்த சீசனில் கூடை வேண்டாம், தட்டையான பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "வண்டியில இடம் எங்கடே இருக்கு?" என்றார். பாதிப் பழத்தை மட்டும் பெட்டிக்கு மாற்றினோம்.